ஒரு வாரப் பந்தலை நம்பி ஐந்து வருடப் படிப்பா?

ஷார்ஜாவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். மகள் பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கிறாள். நவம்பரில் துபாய் டிசைன் வீக் என்ற வடிவமைப்புத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ‘பெவிலியன் டிசைனர்’, அதாவது கண்காட்சி அரங்குகளை வடிவமைப்பவள், ஆவேன் என்கிறாள். இரும்பு வெட்டி ஒட்டும் ஃபேப்ரிகேஷன் யார்டில் ஃபோர்மேனாக இருக்கும் அவளுடைய அப்பாவோ, “ஒரு வாரத்தில் பிரிக்கிற பந்தலுக்கு அஞ்சு வருஷப் படிப்பா? பேசாம சிவில் சேரச் சொல்லு” என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. பெவிலியன் மட்டுமே கட்டிப் பிழைக்கிறவர்கள் உலகத்திலேயே சொற்பம். பெரிய பெயர் வாங்கிய அலுவலகங்களுக்கும் அன்றாடச் சோறு போடுவது வீடு, பள்ளி, ஓட்டல், மருத்துவமனைதான். பெவிலியன் எப்போதாவது வரும். ஆனால் அந்தச் சின்ன வேலையில் கற்றுக்கொள்ளும் விஷயத்துக்குத்தான் வளைகுடா நகரங்களில் இப்போது தேவை இருக்கிறது. வெயிலை எப்படித் தடுப்பது, தண்ணீரும் கரண்டும் எங்கிருந்து வரும், பிரித்த பிறகு பொருள் எங்கே போகும் என்ற மூன்றும்தான் அந்த விஷயம்.

துபாயில் நடந்த உலகக் கண்காட்சி எக்ஸ்போ 2020-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் தொடங்கி 2022 மார்ச்சில் முடிந்தது. நீங்கள் குடும்பத்தோடு போயிருக்கவும் கூடும். அங்கே கிரிம்ஷா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த ‘டெரா’ பெவிலியனின் கூரை 130 மீட்டர் அகலம், அதன்மேல் 1,055 சோலார் தகடுகள். எல்லோரும் அந்தக் கூரையைத்தான் போட்டோ எடுத்தார்கள். கட்டடத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. வெயில் படாத இடத்தில் அறைகளை வைத்தால் ஏசியின் வேலை அங்கேயே குறையத் தொடங்கிவிடுகிறது. டெரா நிரந்தரமாக நிற்பதற்கென்றே கட்டப்பட்டது. இன்றும் எக்ஸ்போ சிட்டியில் குழந்தைகளுக்கான காட்சியகமாக இயங்குகிறது.

நெதர்லாந்து பெவிலியன் இதற்கு நேர் எதிர். பிரித்தெடுப்பதற்கென்றே கட்டியது. வி8 என்ற கட்டடக்கலை நிறுவனம், அஸ்திவாரம் தோண்டும்போது மண் சரியாமல் இறக்குகிற ஷீட் பைல் இரும்புத் தகடுகளை வாடகைக்கு எடுத்துச் சுவராக நிறுத்தியது. எக்ஸ்போ முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதுதான் ஏற்பாடு. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஷீட் பைல் என்றால் என்ன, அதை எப்படி இறக்குவது, பிடுங்குவது என்பதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மகளுக்குப் பிடித்திருக்கும் தொழில் அவருடைய யார்டிலிருந்து அப்படியொன்றும் தூரத்தில் இல்லை என்பது அவருக்கே புரிந்துவிடும். நான் எழுதுவதைவிட அது பலிக்கும்.

அடுத்தது மகளுக்கு. பாலைவனம் என்றதும் வறண்ட காற்று என்று நினைப்போம். துபாய் கடலோர ஊர். ஆகஸ்டில் மாடிக்குப் போனால் வியர்வை காயாமல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமாக இருப்பதால், தண்ணீரைத் தூவிக் குளிர வைக்கும் முறை அந்த மாதங்களில் சரியாக எடுபடாது. நிழலும் காற்றோட்டமும்தான் முதல் ஆயுதம். துபாயின் அல் ஃபஹீதி பகுதியின் பழைய வீடுகளில் நிற்கும் பர்ஜீல் காற்றுக் கோபுரங்கள் நாலு பக்கமும் திறந்திருப்பது, எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் பிடித்துக் கீழே இறக்கத்தான். அபுதாபியின் மஸ்தார் சிட்டியில் இதே யோசனையை 45 மீட்டர் உயரக் கோபுரமாக நிறுத்தியிருக்கிறார்கள். தெருக்களைக் குறுகலாக விட்டு ஒரு கட்டடத்தின் நிழல் அடுத்ததன்மேல் விழச் செய்திருக்கிறார்கள். இதெல்லாம் இயற்பியல். படம் நன்றாக வரையத் தெரிந்தால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளட்டும்.

வேதியியலும் வீணில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும்போது மிஞ்சும் கரிப்பு நீரைக் கடலிலேயே திருப்பி விடுகிறார்கள். அந்தக் கழிவிலிருந்து எடுத்த உப்பில் சிமென்ட்டுக்கு மாற்று ஒன்றைச் செய்து, 2021-இல் வெனிஸ் நகரின் கட்டடக்கலைக் கண்காட்சியான பியனாலேயில் அமீரகத்தின் பெவிலியனாக வைத்தார்கள் வாயில் அல் அவார், கெனிச்சி தெராமோட்டோ என்ற கட்டடக்கலைஞர்கள் இருவரும். அப்போது அவர்களது அலுவலகம் துபாயில் இருந்தது. சிறந்த நாட்டுப் பங்கேற்புக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. ஆய்வகத்தில் உட்கார்ந்து பொருளைச் சோதித்த ரசாயனக்காரர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இனி எதில் சேர்ப்பது? என் யோசனை பி.ஆர்க், அதாவது ஐந்து வருடக் கட்டடக்கலைப் பட்டம். கண்காட்சி அமைப்பு, உள் அலங்காரம் போன்றவற்றுக்கு பி.டெஸ் என்ற டிசைன் பட்டம் நல்ல படிப்பு, ஆனால் அதைப் படித்தவர் இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அந்தப் பெயர் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். சிவில் படித்தால் பந்தல் விழாமல் நிற்க வைக்கலாம். அது எங்கே, எந்தத் திசை பார்த்து, எதற்காக நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கும் நாற்காலி பெரும்பாலும் கிடைக்காது. பி.ஆர்க் முடித்துவிட்டுக் கண்காட்சிப் பக்கம் போகலாம். பி.டெஸ் முடித்துவிட்டு ஆர்க்கிடெக்ட் ஆக நினைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு இரண்டு. கட்டடக்கலைப் படிப்புக்கென்றே நடக்கும் நாட்டா மொத்தம் 200 மதிப்பெண், அதில் 80 கையால் வரைவதற்கு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு நாட்டாவும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதி. என்ஐடிகளுக்கு ஜேஇஇ மெயினின் பி.ஆர்க் தாள். திருச்சி என்ஐடியில் பி.ஆர்க் உண்டு. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான ‘டாசா’ சேர்க்கையில், வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கல்விக் கட்டணம் இந்தியாவில் இருப்பவர்கள் கட்டும் அளவுதான். இதைத் தெரியாமல் முழு என்ஆர்ஐ கட்டணம் கட்டத் தயாராகும் பெற்றோர் நிறையப் பேர். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்றால் அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஆஃப் ஷார்ஜாவில் பி.ஆர்க் இருக்கிறது. செலவு கூடுதல். எந்த வெளிநாட்டுப் பட்டமானாலும் கவுன்சில் அதை ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். படிப்பு ஐந்து வருடம், முதல் சில வருடச் சம்பளம் குறைவு, ராத்திரி வேலை அதிகம். சிவில் சேர்ந்த வகுப்புத் தோழி அவளுக்கு முன்பே சம்பாதிக்கத் தொடங்கிவிடுவாள். இதை ஏற்க முடியாத குடும்ப நிலைமை என்றால் சிவிலில் சேர்ப்பதில் வெட்கமில்லை, கட்டடம் எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று கணக்கிடும் கட்டட ஆற்றல் துறைக்கு அங்கிருந்தும் வழி உண்டு. துபாயின் அல் சஃபாத், அபுதாபியின் எஸ்திதாமா போன்ற பசுமைக் கட்டட விதிகள் இருக்கும்வரை அந்தக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு அமீரகத்தில் வேலை இருக்கும். மூன்று மாத ‘சஸ்டெய்னபிள் டிசைன்’ சான்றிதழ் வகுப்புகளுக்கு மட்டும் இப்போது பணம் கட்டாதீர்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் அந்தக் காகிதத்தை யாரும் மதிப்பதில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். லீவு நாளில், அனுமதி வாங்கி, ஹெல்மெட் போட்டு, அப்பாவே அவளை யார்டுக்குக் கூட்டிப் போகட்டும். துண்டுகளை வெட்டிச் சேர்க்க உதவும் விரிவான வரைபடமான ஷாப் டிராயிங் ஒன்றைக் கையில் கொடுத்து, தாளில் இருக்கும் எந்தக் கோடு இரும்பில் எந்தத் துண்டு என்று காட்டட்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளியில் வேலை நிறுத்தம் ஏன் என்பதையும் அவரே சொல்லட்டும். நிழலைப் பற்றிய பாடம் அதைவிட வேறில்லை. பிறகு வீட்டு பால்கனியில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்று வெயிலில், ஒன்று அவளே கட்டிய துணி நிழலில். துணி, பாய், ஓலை என்று மாற்றி மாற்றி அளந்து இரண்டு வாரம் நோட்டில் குறிக்கட்டும்.

மூன்றாம் நாளே நோட்டை மூடிவிட்டால் அவளுக்குப் பிடித்தது டிசைன் வீக்கின் வெளிச்சமும் கூட்டமும்தான். அப்போது பி.டெஸ் பற்றி வேறு விதமாகப் பேசுவோம். எழுதி முடித்தால் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், கூடவே பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணையும்.