பாதியில் இருக்கும் ஓவியத்துக்கு எப்படிக் கருத்துச் சொல்வது, எப்படிக் கேட்பது?

நண்பர் பாதி முடிந்த நீர்வண்ண உருவப்படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்கிறார், மனம் நோகாமல் உருப்படியாக என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பென்சில் கோடாக இருந்தால் அளவுகளைப் பற்றிப் பேசினால் போதும். நேராகப் பார்க்கும் முகத்தில், உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் வரும். புதிதாக வரைபவர்கள் அவற்றை மேலே தூக்கி வைத்துவிடுவார்கள், நெற்றி சுருங்கிவிடும். அப்போதே சொன்னால் ரப்பரால் அழித்துத் திருத்தலாம். வண்ணம் ஏறிய பிறகு சொன்னால்? நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் தாளின் வெள்ளைதான். மூடிவிட்டால் முழுதாக மீட்பது கஷ்டம். எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக்கோ என்றால் மேலேயே திருத்திக்கொள்ளலாம்.

"முகம் சரியில்லை" என்பதெல்லாம் கருத்தே அல்ல. "கன்னத்து நிழல் வலப்பக்கம், மூக்கின் நிழல் இடப்பக்கம் விழுகிறதே, ஒளி எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். அவர் வேண்டுமென்றே செய்திருக்கவும் கூடும். அப்புறம், அவருடைய தாளில் நீங்கள் கோடு போடாதீர்கள் (ஆசிரியர்கள் செய்தாலும் எனக்குப் பிடிக்காது). மேலே டிரேசிங் தாள் வைத்து வரைந்து காட்டலாம்.

கருத்துக் கேட்பவர் நீங்கள் என்றால், "எப்படி இருக்கு?" என்றால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "கை பெரிதாகிவிட்டதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் தீர்வு பிடிக்காவிட்டாலும் அந்த இடத்தை மறுபடி பாருங்கள். காட்டுவதற்கு முன் படத்தை ஒருமுறை கண்ணாடியில் பார்ப்பதும் நல்லது, லியோனார்டோ டா வின்சியே ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை அது. கோணல்கள் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.