தனியாகச் சரி, சேர்த்தால் விலகல்: நான்கு கேமரா காலிபரேஷன்

வணக்கம். நான்கு கேமராக்களைக் காலிபரேட் செய்ததில் (லென்ஸையும் இருப்பிடத்தையும் கணக்கிடுவதில்) தனித்தனியாக 0.3 பிக்சல் பிழைதான், நான்கையும் சேர்த்தால் கை வீசும்போது மட்டும் மார்க்கர் (கேமராக்கள் பின்தொடரும் அடையாளப் புள்ளி) விலகுகிறது என்கிறீர்கள். அசையாத மார்க்கர்கள் சரியாக உட்காருகின்றன என்றால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம், இது சிங்க் கோளாறு, அதாவது கேமராக்கள் ஒரே கணத்தில் படமெடுக்கவில்லை. டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதியும் நேரக் குறி) ஃபிரேம் எண்ணைத்தான் பொருத்தும், ஷட்டர் திறக்கும் கணத்தை அல்ல. நொடிக்கு 25 ஃபிரேமில் அரை ஃபிரேம் பிசகு என்பது 20 மில்லிசெகண்ட். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் கை அதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும்!

ஷாட் எடுத்தாயிற்று என்பதால், ஒரு கேமராவை ஆதாரமாக வைத்து மற்றவற்றின் 2டி டிராக் வளைவுகளை (படத்தில் மார்க்கர் நகர்ந்த தடங்களை) நேரத்தில் 0.1 ஃபிரேம் படியாக முன்பின் நகர்த்திப் பாருங்கள். பிழை மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். ரோலிங் ஷட்டர் (படத்தை வரிவரியாகப் பதிவது) என்றால் கொஞ்சம் பிழை மிச்சமிருக்கும்.

அடுத்த முறை ஜென்லாக் (எல்லாக் கேமராவையும் ஒரே கணத்தில் படமெடுக்க வைக்கும் சிக்னல்) கட்டாயம். ஸ்டெபிலைசேஷனையும் (நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள், அது ஓடினால் ஒளிமையம் (லென்ஸின் மையம் படத்தில் விழும் இடம்) ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், எந்தக் காலிபரேஷனும் நிற்காது.