எலும்பில் உள்ள கனிமப் படிகங்கள் ஊசி வடிவமா, தகடு வடிவமா?

பெரும்பாலும் தகடுதான். ஆடு, மாடு, மனிதன் என எந்தப் பாலூட்டியின் எலும்பிலும் இந்தக் கனிமம் கார்பனேட் கலந்த ஹைட்ராக்சி அபடைட், அதாவது ஒரு வகைக் கால்சியம் பாஸ்பேட். தடிமன் 2 முதல் 4 நானோமீட்டர். நீள அகலம் சில பத்து நானோமீட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது. அதிலும் தகட்டை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் ஊசி மாதிரித் தெரியும், குழப்பம் அங்கேதான்.

படிகம் எங்கே உட்காருகிறது என்பதுதான் சுவாரசியம். எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளில், 67 நானோமீட்டருக்கு ஒருமுறை மூலக்கூறுகளின் முனைகளுக்கு நடுவே இடைவெளிப் பகுதி வரும். அங்கேயும் இழைகளைச் சுற்றியும் தகடுகள் வளர்கின்றன. படிகத்தின் நீள அச்சு பெரும்பாலும் இழையின் திசையிலேயே இருக்கும்.

விறைப்பைத் தருவது கனிமம், முறியாமல் காப்பது கொலாஜன். சந்தேகமா? கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவையுங்கள். கனிமம் கரைந்து, எலும்பு ரப்பர் போல வளையும். அடுப்பில் நன்றாகச் சுட்டாலோ கொலாஜன் எரிந்துபோய், எலும்பு எளிதில் நொறுங்கும், படிகங்களும் பெரிதாகிவிடும்.