கட்டுத்தரை வீடாகுமா? தரையிலிருந்து தொடங்குங்கள்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தோட்டத்தில் தாத்தா காலத்துக் கட்டுத்தரை (மாட்டுத்தொழுவம்) ஒன்று இருக்கிறது. 40க்கு 16 அடி. மூன்று பக்கம் கருங்கல்லும் செம்மண் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், முன்பக்கம் கல்தூண், மேலே பனஞ்சட்டத்தில் மங்களூர் ஓடு. மாடுகளை விற்று நான்கு வருடம் ஆகிறது. மகன் குடும்பம் இருக்க வீடாக்க நினைக்கிறோம். சுவருக்குச் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, ஓடுகளை இறக்கிவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?”

வீடாக்கலாம். மேஸ்திரி சொன்ன மூன்றும் வேண்டாம்.

கான்கிரீட்டை ஒரு கணக்கிலேயே தள்ளிவிடலாம். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 29 கிலோ. உங்கள் 640 சதுர அடிக்கு அது மட்டுமே 18 டன்னுக்கு மேல். இப்போது இருக்கும் ஓடும் மரமும் சேர்ந்து சதுர அடிக்கு 6, 7 கிலோதான். மண்சாந்துச் சுவர் இத்தனை வருடம் நின்றது அந்த லேசான சுமைக்கு. கான்கிரீட்தான் வேண்டும் என்றால் தனியாகத் தூண் எழுப்பி அதன்மேல் போட வேண்டும். அது புது வீடு கட்டுகிற செலவு.

சிமெண்ட் பூச்சு விஷயம் இதைவிடப் பெரியது. மாடு கட்டிய இடத்தில் கோமியம் பல வருடம் தரையில் ஊறியிருக்கும். அதிலுள்ள யூரியா அம்மோனியாவாகி, பிறகு மண்ணின் நுண்ணுயிர்களால் நைட்ரேட் உப்பாகிறது. அந்தக் காலத்தில் வெடியுப்பு காய்ச்சத் தொழுவத்து மண்ணை அள்ளிப் போனது இதனால்தான். இந்த உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறி, மேற்பரப்பில் காயும்போது படிகமாகிப் பூச்சைப் பிதுக்கித் தள்ளும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மாடு போய் நான்கு வருடமான பிறகும் ஐப்பசியில் வாடை அடிக்கிறதென்றால் காரணம் இதுதான். மேலே சிமெண்ட் பூசினாலோ டைல்ஸ் ஒட்டினாலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். இரண்டு மழைக்குள் பூச்சு உப்பிப் பொரிந்து விழும். அது விழுவதுகூடப் பரவாயில்லை. உள்ளே செம்மண் சாந்து நனைந்து இளகுவது வெளியே தெரியாது.

உப்பு எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். காடிக்கு (மாட்டுத் தீவனத் தொட்டிக்கு) பின்புறச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதை ஒரு ஸ்பூன் சுரண்டி, கனிந்த கரித்துண்டின்மேல் தூவுங்கள். சடசடவென்று பொறி பறந்தால் நைட்ரேட். ஈரத்துக்கு இன்னொரு சோதனை: இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கம் துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கட்டினால் அது காற்றின் ஈரம், பயமில்லை.

வேலையைத் தரையிலிருந்து தொடங்குங்கள், மாசியில். காடி, முளை, மூத்திர வாய்க்கால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 15 அங்குலம் தோண்டி மண்ணை வெளியே கொண்டுபோங்கள். உங்கள் அளவுக்கு அது 800 கன அடி, அதாவது 8 யூனிட். தோண்டும் முன் சுவரின் வெளிப்பக்கம் ஒரு குழி வெட்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பழைய கட்டுத்தரைகளில் ஒன்றரை அடிகூட இருக்காது. அப்படியானால் சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரே நாளில் முழு நீளத்தையும் திறக்காதீர்கள். எடுத்த மண்ணை வாசலிலேயே குவித்தால் மழையில் உப்பு மறுபடி சுவருக்கே வரும். தென்னந்தோப்பில் மெல்லியதாகப் பரப்புங்கள்; அங்கே அது நல்ல உரம்.

தோண்டியதும் கரையான் மருந்து அடித்து, 40 மி.மீ. ஜல்லி 6 அங்குலம் பரப்புங்கள் (3 யூனிட்டுக்குச் சற்று மேல்). தூளும் மண்ணும் கலக்காத சுத்தமான ஜல்லியாக இருக்க வேண்டும், அப்போதுதான் கீழிருக்கும் ஈரம் மேலே ஏறாது. அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன், ஒட்டு சேரும் இடத்தில் அரையடி மேல்மடிப்பு. பிறகு 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 4 அங்குலக் கான்கிரீட். சுமார் 20 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். மேலே ரெட் ஆக்ஸைடோ ஆத்தங்குடிக் கல்லோ போடலாம். சுவரை ஒட்டி ஓரடிக்கு மட்டும் கான்கிரீட்டை நிறுத்தி, அங்கே ஜல்லியும் சுண்ணாம்புக் கலவையும் போட்டு மூடுங்கள். தரை முழுவதையும் இறுக்கி மூடினால் அடியிலிருக்கும் ஈரம் எல்லாம் சுவர் வழியாகத்தான் மேலே வரும்.

வெளிப்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. எருவும் கூளமும் சேர்ந்து சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட மேலே வந்திருக்கும். அதை உள்தரைக்கு அரையடியாவது கீழே வரும்வரை சீவிவிட்டு, சுவரிலிருந்து நீர் விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். எருக்குழி சுவரோரம் இருந்தால் முதல் வாரமே இடம் மாற்றுங்கள். அது இருக்கும்வரை மற்ற வேலை எல்லாம் வீண்.

சுவரில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. கருங்கல் உப்பைக் குடிக்காது, உப்பு இருப்பது கல் இடுக்கிலுள்ள மண்சாந்தில். செங்கல்லாக இருந்திருந்தால் கல்லே பொடிந்திருக்கும். வெள்ளை பூத்த கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைத் தட்டி எடுங்கள். இடுக்குச் சாந்தை ஒன்றரை அங்குல ஆழம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து உள்ளே போய்விடும். ஒரு நேரத்தில் மூன்றடி நீளம், ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுரண்டினால் கல் நழுவும்.

பிறகு 1:4 சுண்ணாம்பு மணல் கலவையை அரை அங்குலத்துக்குப் பூசி அப்படியே விட்டுவிடுங்கள். இது நிற்பதற்காகப் பூசுவதில்லை. கோடையிலும் அடுத்த ஐப்பசி கார்த்திகையிலும் சுவரின் உப்பு இந்தப் பூச்சுக்கு வந்து சேரும். தை மாதம் தட்டி எறிந்துவிட்டு, 1:3 சுண்ணாம்புக் கலவையில், கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, இடுக்குகளை அடைத்துக் கல்லை வெளியே தெரியும்படி விடுங்கள். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். கலக்க உப்புப் போர்த்தண்ணீர் வேண்டாம். மழைநீரோ குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் நான்கடிக்கு மேல் பூச வேண்டுமானாலும் சுண்ணாம்புதான், அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. புட்டியும் எமல்ஷனும் இந்தச் சுவருக்கு ஆகாது. இந்தச் சுவரில் மருந்து செலுத்தி ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) நிறுத்தித் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். இடைவெளியெல்லாம் மண்ணாக இருக்கும் கல்சுவரில் மருந்து சீராகப் பரவாது. ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்றால், காடிச் சுவரைத் தொடாமல் இரண்டங்குலம் விட்டு உள்ளே நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். இடம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

கூரைக்கு வருவோம். பனஞ்சட்டத்தில் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் போகும் முனையை. ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். வைரம் பாய்ந்த பனையில் அது இறங்காது. பொதுக்கென்று இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்றுங்கள். குறுக்கு விட்டம் தலையில் இடிக்கிறது என்று அறுப்பவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் கைமரம் (ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டம்) சுவரை வெளியே தள்ளும், மண்சாந்துச் சுவர் தாங்காது. உயரம் போதவில்லையென்றால் ஓடுகளை இறக்கும்போதே சுவர்மேல் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்து ஒன்றரை அடி உயர்த்தி, மரப்பட்டம் போட்டுக் கூரையை மேலே ஏற்றுங்கள்.

நான்கு பக்கமும் இரண்டடி இறவாரம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை), 30 டிகிரிச் சரிவு என்று வைத்தால் கூரைப் பரப்பு 1,000 சதுர அடியைத் தாண்டும். ஓடு சுமார் 1,420 வேண்டும். பழைய ஓட்டை விரல் முட்டியால் தட்டுங்கள்: ணங்கென்றால் வைத்துக்கொள்ளலாம், டொக்கென்றால் கீறல். ஓட்டுக்கு அடியில் தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை போட்டால் வெயில் நன்றாகக் குறையும்.

முன்பக்கம் கல்தூண்களுக்கிடையே எழுப்பும் சுவருக்குக் கெட்டி மண் வரும்வரை தனி அஸ்திவாரம் எடுங்கள். பழைய சுவரோடு பல் வைத்துக் கோக்காதீர்கள், புதுசு சற்று இறங்கும்போது பழசையும் இழுத்துப் பிளக்கும். நேர் இணைப்பாக விட்டுச் சுண்ணாம்பு அடையுங்கள். கழிப்பறையையும் சமையலறையையும் பக்கத்தில் சாய்ப்பு இறக்கி வைப்பதே நல்லது. உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். வயரிங் கூரையிலிருந்து இறங்கி, ஸ்விட்ச் பெட்டி நான்கடிக்கு மேல் வரட்டும். உப்புச் சுவரில் இரும்புப் பெட்டி புதைத்தால் துரு ஏறிவிடும்.

தோண்ட வருபவர்கள் வெறுங்காலில் இறங்கக் கூடாது. தொழுவத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கல் இடுக்குகளில் உண்ணி பல மாதம் சாப்பாடில்லாமல் கிடக்கும். சாந்தை அடைக்கும் முன் மருந்து அடித்துவிடுங்கள்.

ஊராட்சியில் கட்டட அனுமதியும் வீட்டு வரி எண்ணும் வாங்குங்கள். மோட்டாருக்கு உள்ள இலவச விவசாய இணைப்பிலிருந்து ஒரு பல்புக்குக்கூட வயர் இழுக்காதீர்கள். வீட்டு இணைப்புக்குத் தனியாக விண்ணப்பித்து, வேலை தொடங்கும்போதே பதிந்து வையுங்கள்.