வாசகர் கேள்வி – பதில்: பார் மீன்கள்

கேள்வி: ராமேசுவரம் மீன் சந்தையில், மஞ்சள் உடலில் நீலப் பட்டைகள் கொண்ட மீனையும், பச்சையும் நீலமுமாக இருந்த மீனையும் ‘கிளிமீன்’ என்றே விற்றார்கள். இரண்டும் ஒன்றுதானா? – வாசகி, பரமக்குடி

பதில்: ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள், மன்னார் வளைகுடாவின் பவளப் பார்களில் (கடலடிப் பவளத் திட்டுகளில்) வாழும் ‘ஸ்காரஸ் கோபன்’ என்ற இனத்தோடு பொருந்துகின்றன. மஞ்சள் நிறத்தவை பெரும்பாலும் பெண் மீன்கள். அவற்றுள் சில வளர்ந்தபின் ஆணாக மாறும்போது, உடலும் பச்சை, நீல நிறங்களுக்கு மாறிவிடுகிறது. இந்த நிறமாற்றத்தை அறியாத காலத்தில், உலகின் பல கடல்களில் கிடைத்த கிளிமீன்களின் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்களாகக் கருதி, அறிஞர்கள் தேவைக்கு மேல் அறிவியல் பெயர்களைச் சூட்டினார்கள். நம் கரையோர மக்களோ நிறத்தைப் பாராமல், பற்கள் ஒன்றிணைந்து அலகுபோல் அமைந்த வாயைக் கொண்டே பெயரிட்டார்கள். அந்தக் கூர்மையான பார்வையை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயர் கிளிமீன் குடும்பத்தின் பல இனங்களுக்கும் பொதுவானது என்பதால், அதை மட்டும் வைத்து இனத்தை உறுதிசெய்ய இயலாது. கேரளக் கரையில் ‘கிளிமீன்’ என்று கேட்டால், சென்னையில் சங்கரா என்று விற்கும் மீனைத்தான் தருவார்கள்.

அந்த அலகால் இம்மீன் பாறையிலும் இறந்த பவளத்திலும் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. உடன் வரும் சுண்ணாம்புத் துகள்களைத் தொண்டைப் பற்களால் அரைத்து, மணலாக வெளியேற்றுகிறது. பாசி மூடிய இடத்தில் இளம் பவளம் பற்றி வளர்வது கடினம். ஆகவே, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பார்களுக்கு இம்மீன்கள் மிகவும் வேண்டியவை. பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் ஆண் மீன்களே அதிகம் குறையும் என்பதையும் நாம் கவலையோடு எண்ண வேண்டும்.

கேள்வி: ஓரா மீனின் முள்ளில் நஞ்சு உண்டு என்கிறார்களே, உண்ணலாமா? – வாசகர், தொண்டி

பதில்: தாராளமாக உண்ணலாம். நஞ்சு அதன் துடுப்பு முட்களில்தான் உள்ளது, சதையில் இல்லை. சுத்தம் செய்யும்போது முதுகு, வயிறு, அடித்துடுப்பு முட்களை முதலில் வெட்டிவிடுங்கள். முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வெப்பத்தில் அந்த நஞ்சு வீரியம் இழக்கும். வலியோ வீக்கமோ நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.