கண் முகாமில் நமக்கு என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஊர் லயன்ஸ் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சந்தா கட்டுவதைத் தவிர அங்கே பெண்களுக்கு என்ன வேலை இருக்கும்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: நிறைய இருக்கிறது, அம்மா. 1917-ல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் உருவான சங்கம் இது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1987-ல்தான், ரொம்பத் தாமதம். 1925-ல், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் நேரில் வந்து, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்போதிருந்து கண் சேவை அவர்களுடைய முக்கியமான வேலை.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அத்தனை பெரிய வளவு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்குக் கண்புரை என்றால் கண் முகாமுக்கு யார் கூட்டிப் போவது? ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே, புருவத்தை ஒட்டி ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள், அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கும் அவரைக் கைபிடித்து வேனில் ஏற்றி, இரவு கூடவே தங்கி, திரும்பக் கொண்டுவந்து விட்டு, அப்புறம் சொட்டு மருந்து நேரத்துக்குப் போடுகிறாரா என்று வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். மருத்துவர் கிடைத்துவிடுவார், இதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதலில் ஒரு முகாமுக்குப் போய் நாள் முழுக்க இருந்து பாருங்கள். சந்தாவை அப்புறம் கட்டலாம்.