பந்திவிசாரணை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கொருக்குப்பேட்டையில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியச் செயலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆலய வளாகத்தில் அடுப்பு மூட்டி நான்கு நாள் சமைத்தோம். எந்தச் சபை, எந்த மதம் என்று பார்க்காமல் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றிலிருந்து மாலை வகுப்பு, இரத்ததான முகாம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களும் பாராட்டுகிறார்கள். ஆனால், இந்த ஆண்டு வாலிபர் ஞாயிறு ஆராதனையை நாங்களே நடத்துகிறோம், பிறருக்காக வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு ஜெபங்களையும் நாங்களே எழுதுகிறோம் என்று கேட்டோம். "சேவை செய்யுங்கள், யார் தடுத்தார்கள்? சாக்கடையையும் குப்பையையும் பீடத்துக்கு முன்னால் கொண்டுவராதீர்கள்" என்று சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். எங்களில் சிலரும், "நமக்குச் சேவையே போதும், ஆராதனை அவர்களுடையது" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம்,
கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். அந்தப் பெரியவர் சொன்னதைவிட உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் எனக்குக் கவலை தருகிறது. அவர் பிரித்துவைத்ததை இவர்களும் சரி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சோற்றுப் பங்கீட்டில் குறை வைத்துவிட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அதைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுமாறு அப்போஸ்தலர்கள் சபையிடம் சொன்னார்கள். நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த வேலையைப் 'பந்திவிசாரணை' என்கிறது. என்ன அருமையான சொல்! கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். யார் இலையில் சோறு இல்லை, எந்த மூலையில் ஒரு பாட்டி கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவருடைய கண் சுற்றிக்கொண்டே இருக்கும். வசனம் போதிப்பதை அதே மொழிபெயர்ப்பு 'ஊழியம்' என்கிறது. தமிழில் இரண்டு சொற்கள். கிரேக்க மூலத்தில் இரண்டும் 'தியாகோனியா' என்ற ஒரே சொற்குடும்பம்தான். பந்திக்கும் தியாகோனியா, வசனத்துக்கும் தியாகோனியா.

அப்போஸ்தலர்கள் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பது உண்மை. அந்தப் பெரியவரும் அதைச் சொல்லக்கூடும். ஆனால் பந்திக்கென்று நியமிக்கப்பட்ட ஏழு பேரில் முதல் பெயர் ஸ்தேவான். நடபடிகளிலேயே மிக நீண்ட உரை, அடுத்த அதிகாரத்தில் அவர் நிகழ்த்தியதுதான். எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரிக்கு வேதத்தை விளக்கி ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பும் அந்த ஏழு பேரில் ஒருவர். பந்தி விசாரித்தவர்களை யாரும் பந்தியோடு நிறுத்தி வைக்கவில்லை.

அதிலும், தெருவைப் பீடத்துக்குக் கொண்டுவராதே என்று வடசென்னையில் சொல்வது எனக்குத் தாங்கவில்லை. இராயப்பர் என்பது மீன் பிடித்த பேதுருவுக்குத் தமிழில் வழங்கிய பெயர். இராயபுரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்த ஆலயத்தை எழுப்பியவர்கள் படகோட்டிகள். அதே மிக்ஜாம் நாட்களில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. வலை, படகு, நாரை எல்லாம் கறுத்தன. மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அந்த வார ஞாயிறன்று நான் உட்கார்ந்திருந்த ஆலயத்தில், "உலகமெங்கும் துன்பப்படுகிறவர்களுக்காக" என்ற ஒரே வரியோடு மன்றாட்டு முடிந்தது. பின்வரிசையில் கையில் எண்ணெய்க் கறை போகாத ஒருவர் நின்றிருந்தார். அவருடைய ஊரின் பெயரைச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மன்றாட்டை எழுதுங்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கால்வாயில் இறங்குகிறவர்களையும், வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களையும் எழுதுங்கள்.

வயதைக் காரணம் காட்டினால் ஒன்றைச் சொல்லலாம். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, அதற்கு முன்னின்ற வேதநாயகம் அசரியாவுக்கு 28 வயதுதான்.

இனி உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். 17 வயதில் முதல்முறையாக என்னை வேதபாடம் வாசிக்க அழைத்தார்கள். பாடகர் குழுவின் ஒத்திகையிலேயே மனம் இருந்ததால், பாடத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஏறி, விறுவிறுவென்று வாசித்துவிட்டு இறங்கினேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்தார். மார்க்கெட்டில் மீன் விற்றவர். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தம்பி. வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வாயிலிருந்துதான் எனக்கு வேதம். இன்றைக்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை" என்றார். அவர் திட்டவில்லை. பசியோடு திரும்புகிறவரின் குரலில் சொன்னார். அன்று அந்த இலையில் நான் ஒன்றும் பரிமாறவில்லை.

வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனபோது நனையாமல் இருக்க எத்தனை உறை சுற்றினீர்கள்? மாடியிலிருந்து இறங்க முடியாதவர் யார் என்று விசாரித்துத்தானே போனீர்கள்? ஆராதனை நடத்தவும் அதே கவனம் வேண்டும். கீபோர்டு, டிரம்ஸ் ஒத்திகைக்கு மூன்று மணி நேரமும் வேதபாடத்துக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்குகிற வாலிபர் ஞாயிறுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் குழு உறுப்பினரின் அச்சத்தில் பாதி இதிலிருந்து வந்திருக்கலாம். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் ஒன்றையாவது, அதை மனப்பாடமாக அறிந்த முதியவர்களிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இன்னும் பிடி அரிசி எடுத்து வைக்கும் அம்மாக்கள் இருந்தால், அவர்களில் ஒருவரையே ஜெபிக்கச் சொல்லுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை ஏழைகளுக்கென்று ஒதுக்கியவருக்கு, பந்தியும் ஜெபமும் வேறுவேறு என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

குழுவிடம் மறுபடியும் போங்கள். இந்தமுறை எழுதிய தாளோடு போங்கள். முழு ஆராதனையையும் தர மறுத்தால், மன்றாட்டையும் ஒரு வேதபாடத்தையும் மட்டும் கேளுங்கள். முதலில் ஆயரிடம் காட்டுங்கள். அதற்கும் முன்னால், நீங்கள் வெள்ளத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளில், படிக்கத் தெரியாத ஒருவரிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள். திருத்திய பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.